நெகிழ்வுச் சான்று

பரிபூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகில் வந்து விழுந்த சிமெண்டுக் காரை எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக் கூரைக்கு நேர் மேலே, நாலு தூண்களில் ஒன்று உள்ளே இருக்கிற கம்பி தெரிய இளைத்துப்போய், புளியடிப்பட்டியின் குடிநீர்த் தொட்டி நின்றுகொண்டிருந்தது. முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். கட்டி ஆறு வருசம்தான் ஆகிறது. கட்டியவர் காண்ட்ராக்டர் குருசாமி. இந்த ஆறு வருசத்தில் தொட்டி தளர்ந்துபோனது, குருசாமி நன்றாகத் தேறினார்.

“ஏங்க! இன்னைக்குச் சுளகுல விழுந்தது நாளைக்கு உச்சந்தலையில விழும். போயி ஒரு மனுவக் குடுத்துட்டு வாங்க” என்று பரிபூரணம் புருசனைப் பார்த்துக் கத்தினாள்.

கத்தினால்தான் சமுத்திரத்துக்குக் கேட்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அவருக்கு முப்பத்தோரு வருசம் வேலை. தறிச் சத்தம் அவர் காதை முழுசாகத் தின்னவில்லை. மெல்லிசான சத்தங்களை மட்டும் தின்றிருந்தது. லாரி கேட்கும், மேளம் கேட்கும். குருவி கேட்காது, சைக்கிள் மணி கேட்காது, தணிந்த குரலில் யார் பேசினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். உதடும் தெரியவில்லை என்றால் சிரித்து வைப்பார். தறிக்கூடத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். மேஸ்திரி ஏதோ சொல்வார், இவர்கள் சிரிப்பார்கள், மேஸ்திரி போய்விடுவார். அந்தச் சிரிப்பு முப்பத்தோரு வருசமாக அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

இந்த இடத்தில் உணர்வொலி வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தாண்டிப்போக எனக்கும் ஆசைதான், கதை விடமாட்டேன் என்கிறது.

மனு வாங்குகிற அதிகாரிகள் மனுவைக் கேட்டு ஏன் கொட்டாவி விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க மேலிடத்தில் ஒரு குழு போட்டார்கள். குழு இரண்டு வருசம் அரசாங்கச் செலவில் சினிமாப் பார்த்தது. கடைசியில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தது. நிஜமாகவே வீடு இடிந்தவன் எதிரே நிற்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அதே அதிகாரி, தியேட்டரில் பொய்யாக வீடு இடிந்தவனுக்காகத் துண்டு நனைய அழுகிறார். சத்தத்தை நிறுத்திவிட்டு அதே காட்சியைப் போட்டுக் காட்டினால் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே குறை அதிகாரியின் மனதில் இல்லை, மனுதாரர்கள் பின்னணி இசை இல்லாமல் வந்து நிற்பதில்தான் இருக்கிறது என்று குழு எழுதிக்கொடுத்தது.

அப்படிப் பிறந்தது வாரியம். சோகம், நகைச்சுவை, திகில், அதிரடி, காதல், பக்தி என்று ஆறு வகை. ஒவ்வொரு மனுவும் அதன் வகைக்கான இசையோடு ஐந்து அதிகாரிகள் முன் வாசிக்கப்படும். ஐந்தில் மூன்று பேர் மனம் இளகினால் ‘நெகிழ்வுச் சான்று’ என்ற காகிதம் கிடைக்கும். அந்தக் காகிதம் இல்லாத மனுவை எந்தத் துறையும் தொடக்கூடாது. வகை பிரிக்கிற கிளை ராஜபாளையத்தில், விசாரணை மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம். கோப்புக்கு இருபது நாள்.

தறிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் கிளைக்குப் போனார் சமுத்திரம். வகைப்பாட்டு உதவியாளர் மாதுரி கம்ப்யூட்டருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு பேசுகிறவர். அவருடைய உதடு தெரியவில்லை. மின்விசிறி வேறு கடகடவென்று சுற்றியது.

மாதுரி ஏதோ கேட்டார். சமுத்திரம் சிரித்தார்.

மறுபடி ஏதோ கேட்டார். இவர் இன்னும் கொஞ்சம் பணிவாகச் சிரித்தார்.

மனு எதைப் பற்றியது என்று எழுத வகைப்பாட்டுப் படிவத்தில் இடமே கிடையாது. கதையைக் கேட்டால் எல்லாரும் சோகம் என்றுதான் சொல்வார்கள், ஆகையால் முகத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டும் என்பது வாரியத்தின் விதி. மூன்று நிமிடம் முகத்தைப் பார்த்து மாதுரி எழுதினார்: ‘மனுதாரர் பதினோரு முறை சிரித்தார். பற்கள் தெரிந்தன. வகை: நகைச்சுவை.’ முத்திரை குத்திக் கொடுத்தார். சமுத்திரத்துக்குப் படிக்கத் தெரியும்தான், ஆனால் அந்த வரி வாரியத்தின் சங்கேத எண்ணில் இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டு, பன்னிரண்டாவது முறையாகச் சிரித்துவிட்டு வந்தார்.

இருபது நாள் கழித்து ஒரு புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் முதல் விசாரணை. மேடையில் ஐந்து அதிகாரிகள். நடு நாற்காலியில் மாவட்ட உணர்வொலி அலுவலர் நம்பி. ஓரத்தில் கீபோர்டு ஆவுடையப்பன். கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தவர், இப்போது அரசு ஊழியர். அதனால் பத்தரைக்கு முன்னால் ஒரு கட்டையையும் அழுத்தமாட்டார்.

முதலில் சுடலையம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை. வகை பிரித்த அன்று தலைக்குக் குளித்துவிட்டு முடியைக் காயவிட்டபடி வந்ததால் அவளுக்குத் திகில். அவள் கதவைத் தள்ளியதும் ஆவுடையப்பன் அடிக்கட்டையை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தார்.

“அய்யா, ரேசன் கார்டுல நான் செத்துப்போயிட்டதாப் போட்டிருக்காக” என்றாள் சுடலையம்மாள்.

ஐந்து பேரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் அலறிவிட்டார். ‘இவரை இனி தபாலில் மட்டும் அழைக்கவும்’ என்று கோப்பில் எழுதி, மண்டப வாசலில் வேப்பங்கொத்துக் கட்ட உத்தரவு போட்டார்கள்.

அடுத்தது குருசாமி. ஒன்பது ஊரில் தொட்டி கட்டும் வேலை தனக்கே வேண்டும் என்பது அவர் மனு. அவர் வகை அதிரடி. உள்ளே நுழைந்ததும் டிரம்ஸ் விழுந்தது. துண்டு பறப்பதற்காக ஒரு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அவர் மெல்ல நடந்து வந்தார், மேடையில் இருந்த ஐந்து பேரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள், இரண்டு பேர் விசிலடித்தார்கள். நடந்து முடிப்பதற்குள் கையெழுத்தாகிவிட்டது. அந்த டிரம்ஸ் அடி சமுத்திரத்துக்கும் உள்ளங்காலில் அதிர்ந்தது. அவரும் நல்ல மனுசன் யாரோ வருகிறார் என்று எழுந்து நின்றார்.

பிறகு சமுத்திரத்தின் முறை. காரைத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். “அய்யா, தொட்டி எங்க வீட்டு மேல விழப்போவுது. நானும் எம் பொண்டாட்டியும் அதுக்கு அடியிலதான் கெடக்கோம். வேற போக்கிடம் இல்ல” என்றார்.

ஆவுடையப்பன் கீபோர்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அது அவர் காதுக்கு எட்டாத மெல்லிசான சத்தம். ‘தொட்டி’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஒரு ‘பொய்ங்’. ‘பொண்டாட்டி’ என்றபோது ஊதல் ஊதி ஒரு ‘பொய்ங்’. காரைத் துண்டைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்து மேஜை மேல் வைத்தபோது வாத்து கத்தியது.

அதிகாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமுத்திரம் பார்த்தார். இத்தனை பெரிய அதிகாரிகள் தன்னைப் பார்த்து முகம் மலர்வதை அவர் இதுவரை கண்டதில்லை. அவரும் சிரித்தார். மண்டபம் அதிர்ந்தது.

‘மிகவும் ரசிக்கத்தக்க மனு. மறுகாட்சிக்கு உகந்தது’ என்று எழுதப்பட்டது. நகைச்சுவை மனுக்களுக்கு வாரிய விதியில் மறுகாட்சி உண்டு.

அதற்குப் பிறகு நாலு புதன்கிழமை அவரைக் கூப்பிட்டார்கள். தறியில் நாலு நாள் போயிற்று. இரண்டாவது தடவை கொய்யாப்பழம் அளவு ஒரு காரைத் துண்டு கொண்டுபோனார். மூன்றாவது தடவை தேங்காய் அளவு. அது கட்டில் காலை ஒடித்துப் போட்டிருந்தது. கட்டில் கதையைச் சொன்னபோது ஒரு அதிகாரிக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்பி தன் மகள் அனுக்ரஹாவை லீவு போடச் சொல்லி அழைத்து வந்திருந்தார். “அந்தச் சுளகுல விழுந்தத முதல்ல இருந்து சொல்லுங்க, பாப்பா கேக்கல” என்று அவரே உரக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்து அனுப்பினார்கள்.

“என்னையப் பாத்தாலே அவியளுக்கு அம்புட்டு சந்தோசம்ட்டி. இந்த வாரம் சான்று குடுத்துருவாக” என்று ஒவ்வொரு வாரமும் பொண்டாட்டியிடம் சொன்னார்.

பரிபூரணம் பால்கோவாவைத் தொடவில்லை. “எதுக்குச் சந்தோசப்படுதாக? வீடு இடியப் போவுதுன்னு சொன்னா எவனாச்சும் சந்தோசப்படுவானா? நானும் வாரேன்” என்றாள்.

ஐந்தாவது புதன்கிழமை அவளும் போனாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சமுத்திரம் வாயைத் திறந்தார். முதல் ‘பொய்ங்’ விழுந்தது. பரிபூரணத்துக்கு முதலில் புரியவில்லை. எங்கேயோ டிவி ஓடுகிறது என்று நினைத்தாள். இரண்டாவது விழுந்தது. மேடை குலுங்கியது. நடுவில் தன் புருசன் காரைத் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எல்லாரையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவள் எழுந்து நின்று கத்தினாள்.

“நிறுத்துங்கய்யா அந்தக் கருமத்த!”

ஆவுடையப்பன் பயந்து கையை எடுத்துவிட்டார். இசை நின்றது. ஐந்து அதிகாரிகளின் முகமும் துடைத்த பலகை மாதிரி ஆயிற்று. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் கொட்டாவி விட்டார். அந்த இடைவெளியில் அவள் தூணைப் பற்றி, கம்பியைப் பற்றி, கட்டிலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

நம்பிதான் பொறுமையாகப் பதில் சொன்னார். “அம்மா, உங்க ஆதங்கம் புரியுது. அதாவது, இசை போட்டா புரியும். இப்ப எனக்கு ஒண்ணும் தோணல, அத மறைக்க விரும்பல. முப்பது வருச சர்வீஸ்ல எத்தனையோ மனு பார்த்தவன் நான். கை இல்லாதவன், கால் இல்லாதவன், பிள்ளையப் பறிகொடுத்தவன். ஒரு நாள் ராத்திரிகூடத் தூக்கம் கெட்டதில்ல. இந்த வாரியம் வந்த பிறகுதான் நானும் மனுசன்னு எனக்கே தெரிஞ்சுது. வாரத்துக்கு மூணு தடவை அழறேன். பிரஷர் குறைஞ்சிருக்கு, டாக்டரே சொன்னார். அப்படிப்பட்ட ஒரு அமைப்பக் குறை சொல்லாதீங்க.”

“அப்ப இவுகளுக்கும் அழுகை மியூசிக்கப் போடுங்க.”

“போடலாம். சோகத்துக்கு மாத்த ஒரே ஒரு ஆவணம் போதும். இறப்புச் சான்றிதழ்.”

“யாரோட?”

“யாரோடதானாலும் சரி. குடும்பத்துல ஒருத்தர்.” நம்பி இரண்டு கையையும் விரித்தார். “இது நான் போட்ட விதி இல்லம்மா, கலையோட விதி. ஆள் சாகறதுக்கு முன்னாடியே அழுகை இசையப் போட்டா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. எங்களுக்கும் நெகிழ்ச்சி வீணாயிரும். தொட்டி விழட்டும், பிறகு வாங்க. நானே முன்னால நின்னு அழுவேன்.”

“அப்ப திகில்ல போடுங்க. ஏதோ நடக்கப்போவுதுன்னு இருக்குமே, அதுதான எங்க நெலம?”

இது நம்பி எதிர்பாராத கேள்வி. ஐந்து பேரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். “கொள்கையளவுல சரிதான். ஆனா நாங்க பயந்துட்டா அந்த ஊருப் பக்கம் ஆய்வுக்கு வரமாட்டோமே. சரி, மனுப் போட்டு வைங்க. அடுத்த புதன்கிழமை பார்ப்போம்” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சமுத்திரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செத்த நேரம் கழித்துப் பொண்டாட்டியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். உதட்டைப் பார்க்க வேண்டும்.

“என்ன மியூசிக்குட்டி அது?”

அவளுக்குச் சொல்ல மனசில்லை. அவர் விடவில்லை.

“வேட்டி அவுந்து ஓடுதவனுக்குப் போடுவாகல்ல படத்துல. அது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஐந்து புதன்கிழமையும், ஐந்து பொட்டலம் பால்கோவாவும், அந்தப் பாப்பா கை தட்டியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முப்பத்தோரு வருசம் மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்செல்லாம் சேர்ந்தாலும் இந்த அவமானத்துக்கு ஈடாகாது. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். பரிபூரணம் அவர் முழங்காலில் கையை வைத்தபடியே ஊர் வரைக்கும் வந்தாள்.

“இனி எங்கயும் சிரிக்காதீக” என்று மட்டும் இறங்கும்போது சொன்னாள்.

புதன்கிழமை திகில். தொட்டி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே விழுந்துவிட்டது.

சமுத்திரம் தறியில் நின்றார். போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. வேலை நடுவே மேஸ்திரி வந்து தறியை நிறுத்தினார். முப்பத்தோரு வருசத்தில் அப்படி நடந்ததில்லை. மேஸ்திரியின் உதடு அசைந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சமுத்திரத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் படிக்கத் தெரியாதவனாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறார்.

அடுப்படியில் இருந்திருக்கிறாள். தோண்டி எடுக்க மத்தியானம் ஆயிற்று. மூன்று நாளாகத் தண்ணீர் வராத தெருவில் அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது.

வாரியம் சொன்ன சொல் தவறவில்லை. இறப்புச் சான்றிதழின் நகல் போன அன்றே வகை சோகம் என்று மாறியது. இருபது நாள் ஆகிற கோப்பு இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. நல்ல சோகம் வந்து நாளாயிற்று என்று மண்டபத்தில் பேசிக்கொண்டார்களாம். கீபோர்டு போதாது என்று ராஜபாளையத்திலிருந்து இரண்டு வயலின்காரர்களை வரவழைத்திருந்தார்கள். அதிகாரிகள் ஆளுக்கொரு துண்டு எடுத்து வந்தார்கள். காண்ட்ராக்டர் குருசாமியும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பதவி உயர்வில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்ட மாதுரி, மனுதாரரின் முகத்தைக் குறித்துக்கொள்ள நோட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

சமுத்திரம் நடுவில் நின்றார். கையில் காரைத் துண்டு இல்லை. எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. வில்கள் மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்தார். வயலின் அவர் காதில் விழாது. அந்த மண்டபத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து பேரும் அழுதார்கள். குருசாமி தேம்பித் தேம்பி அழுதார். நம்பி எழுந்து வந்து சமுத்திரத்தின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். தன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல அழுகை அழுததில்லை என்று பிற்பாடு பலரிடமும் சொன்னார். அழுதபடியே, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தழுதழுத்த குரலில் சமுத்திரத்திடம் ஒன்று கேட்டார்.

உதடு தெரியவில்லை. சத்தமும் எட்டவில்லை. சமுத்திரத்தின் மனசு என்னவோ அந்த அடுப்படியிலேயே கிடந்தது. பொண்டாட்டி சொன்னது அவருக்கு மறந்துபோகவில்லை. ஆனால் உதட்டுக்கு முப்பத்தோரு வருசப் பழக்கம். அது தன்பாட்டுக்கு விரிந்தது.

நம்பி கேட்டது இதுதான்: “ஊர் சனத்துக்குத் தண்ணி வேணும். அதே இடத்துல, அதே குருசாமி அண்ணாச்சியே புதுசா ஒரு தொட்டி கட்டித் தாரேங்கறார், உங்க வீட்டுக்காரி பேர்லயே. உமக்குச் சம்மதந்தானே?”

‘மனுதாரர் கண்ணீருக்கிடையே புன்னகையுடன் சம்மதித்தார்’ என்று மாதுரி எழுதினார்.

அன்றைக்கே நெகிழ்வுச் சான்று கைக்கு வந்தது. ஐந்துக்கு ஐந்து. விழும் நிலையிலுள்ள தொட்டியை உடனே இடிக்கலாம் என்று அதில் இருந்தது. துறை அன்று மாலையே ‘இடிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் எழுதி, விரைந்து முடித்ததற்காகப் பாராட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டது.

பத்தாவது மாதம் ‘பரிபூரணம் நினைவுக் குடிநீர்த் தொட்டி’ திறப்பு விழா. சமுத்திரம் அதன் அடியில், பழைய வீட்டுத் தளத்தில் தகரம் போட்டு இருக்கிறார். வேறு போக்கிடம் இல்லை என்று அவர் முதலிலேயே சொன்னதுதான். விழா வகை அதிரடி. டிரம்ஸ் அடித்தார்கள். அது அவருக்கு நன்றாகக் கேட்டது. குருசாமி மெல்ல நடந்து வந்தார், துண்டு பறந்தது, ஊரே எழுந்து நின்றது.

சமுத்திரத்தை மேடையில் ஏற்றி நம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நம்பி மைக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் இவர் பக்கம் திரும்பாமலே ஏதோ கேட்டார். டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேலேயிருந்து இவர் தோளில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தார். காரை. சுண்டைக்காய் அளவுதான்.

நம்பி இன்னொரு தடவை கேட்டார். சமுத்திரத்தின் உதடு விரியத் தொடங்கியது. இந்தத் தடவை அவர் விடவில்லை. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகக் கண்ணீர் வழிந்தது, தோள் குலுங்கியது.

மேடை ஓரத்தில் மாதுரி நோட்டைத் திறந்தார். ‘மனுதாரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.